பகைவர்க்குட் பகை: நுரையீரலிலே கிருமிகளின் போர்

ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம்மவர் நன்கறிந்த பழமொழி. பகைவர் இருவர் தம்முட் பொருது மெலிந்தால், அருகில் நிற்கும் மூன்றாமவனுக்கு ஆதாயம் உண்டு என்பது அதன் கருத்து. உலகியலிற் பெரிதும் பொருந்தும் இம்மொழி உடலியலிலும் பொருந்துமா? ஒரு நோயாளியின் நுரையீரலிலே பலவகைக் கிருமிகள் குடிகொண்டு, இடத்துக்காகவும் இரைக்காகவும் ஒன்றையொன்று கொல்ல முற்படுமாயின், அப்பூசலினால் நோயாளிக்கு நன்மை விளையுமா, தீமை விளையுமா? இது பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் வினாவன்று. எந்தக் கிருமியை மருந்தினால் முதலிற் கொல்லுவது, எதனை விட்டுவைப்பது என்று மருத்துவர் தீர்மானிக்க வேண்டிய இடத்திலே எழும் வினா. அதற்கு விடைகாணப் பெரிதும் உதவிய ஒரு நோயின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

அந்நோய் சிஸ்டிக் பைப்ரோசிஸ் எனப்படும். ஐரோப்பிய வழியினரிடையே மிகுதியாகக் காணப்படும் பரம்பரை நோய் அது. அவர்களுட் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 2,500 முதல் 3,500 வரை உள்ள தொகைக்கு ஒரு குழந்தை இந்நோயுடன் பிறக்கின்றது. முத்தமிடும்போது நெற்றி உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என ஐரோப்பிய நாட்டுப்புற மக்கள் பண்டுதொட்டு நம்பிவந்தனர். அந்நம்பிக்கையினுள்ளே ஒரு மருத்துவ உண்மை மறைந்துகிடந்தது. 1938 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் டொறதி அண்டர்சன் என்னும் பெண் மருத்துவர், இறந்த குழந்தைகளின் சதையியிலும் நுரையீரலிலும் காணப்பட்ட மாற்றங்களை ஒருங்கே ஆராய்ந்து, இதனைத் தனியொரு நோயென வரையறுத்தார். 1948 இல் அந்நகரைக் கடுவெப்பம் வாட்டியபோது உப்பிழந்து சோர்ந்து வீழ்ந்த குழந்தைகளிற் பலர் இந்நோயுடையோராய் இருந்தனர். அதனைத் தொடர்ந்து ஆராய்ந்த போல் டி சந்த் அக்னீஸ் என்பார், இவர்களின் வியர்வையில் உப்பு அளவுக்கு மிஞ்சியிருத்தலை 1953 இல் நிறுவினார். இந்நோயைத் துணிவதற்கு வியர்வைச் சோதனை இன்றும் கையாளப்படுகின்றது.

நோயின் மூலகாரணம் 1989 இல் வெளிப்பட்டது. லாப்-சீ சூய், ஜோன் றியோர்டன், பிரான்சிஸ் கொலின்ஸ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 7 ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்த பரம்பரை அலகு ஒன்றினைக் கண்டறிந்தனர். அவ்வலகு 1,480 அமினோவமிலங்களாலாகிய ஒரு புரதத்தை ஆக்குகின்றது. உடலின் உட்பரப்புக்களிலுள்ள கலங்களின் மென்சவ்விலே, குளோரைட்டும் இருகாபனேற்றும் சென்றுவருதற்குரிய வாயிலாக நிற்பது அப்புரதமே. 508 ஆம் இடத்து அமினோவமிலம் ஒன்று இல்லாதொழிதலே இந்நோயை விளைவிக்கும் குறைகளுள் மிகப் பரவலானது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற அலகைப் பெறும் குழந்தையே நோயடையும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தை நோயின்றி வாழும்.

ஒரு வாயில் அடைபட்டமையால் நுரையீரலுக்கு நேரும் கேடு யாது? நம் சுவாசக் குழாய்களின் உட்பரப்பை மெல்லிய நீர்ப்படையும் அதன்மேற் சீதப்படையும் மூடியிருக்கின்றன. மூச்சுடன் உட்புகும் தூசியும் கிருமியும் சீதத்தில் ஒட்டிக்கொள்ள, கலங்களின் பிசிர்கள் காற்றிலாடும் நெற்பயிர்போல அசைந்து, அச்சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அது விழுங்கப்படுகின்றது. உப்பு வழங்கும் வாயில் பழுதுற்றால் நீர்ப்படை வற்றும். சீதம் தடித்துக் கூழாகும். பிசிர்கள் அதனை அசைக்க மாட்டா. ஓடும் வாய்க்கால் தேங்கிய குட்டையானாற் பாசி படர்வதுபோல, தேங்கிய சீதத்திலே கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை அழிக்கவரும் வெண்குருதிக் கலங்கள் அங்கேயே மடிந்து, தாம் கொணர்ந்த நொதியங்களைச் சிந்துகின்றன. அந்நொதியங்கள் கிருமியைவிட நுரையீரலின் இழையத்தையே மிகுதியாக அரிக்கின்றன. இந்நோயாளரிற் பெரும்பாலானோரின் உயிரைக் காலப்போக்கிற் குடிப்பது நுரையீரற் சிதைவேயாகும்.

குடியேறுவோர் மூவர்

இக்குட்டையிலே குடிபுகும் கிருமிகள் பல. அவற்றுள் மூன்றினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். அவற்றின் இலத்தீன் பெயர்கள் நெடியவை ஆதலால், பெயர்க்காரணத்தைத் தழுவித் தமிழிலே சுருக்கமாக வழங்குவோம்.

முதலாவது ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ். நுணுக்குக்காட்டியில் முந்திரிகைக் குலைபோலவும் வளர்ப்புத்தட்டிற் பொன்னிறமாகவும் தோன்றுவதால் அதனைப் பொற்குலைக் கிருமி எனலாம். நலமுடையோர் பலரின் மூக்கிலும் இது தீங்கின்றி வாழ்வது. இரண்டாவது சூடோமோனாஸ் ஏருஜினோசா. 1882 இல் பிரான்சிலே கார்ல் கெசார் என்பவர், காயங்களின் கட்டுத்துணியை நீலப்பச்சையாகக் கறைப்படுத்திய கிருமி இதுவெனக் கண்டார். அக்காரணத்தால் இதனை நீலச்சீழ்க் கிருமி என்போம். மண்ணிலும் நீரிலும் எங்கும் உள்ளது. நலமுடையோரை அரிதாகவே தாக்குவது. காப்புக் குலைந்த உடலைக் கண்டால் விடாதது. மூன்றாவது பேர்க்கோல்டேரியா செப்பேசியா என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. 1950 இல் அமெரிக்காவிலே பேர்க்கோல்டர் என்னும் தாவர நோயியலறிஞர், வெங்காயத்தை அழுகச்செய்யும் கிருமியென இதனை விவரித்தார். வெங்காயக் கிருமி என்றே இதனைச் சொல்வோம். 1980 ஆம் ஆண்டுகளில் இது இந்நோயாளரிடையே பரவி, சிலரைச் சில கிழமைகளுள்ளே மாய்க்கும் கொடுமையினால் மருத்துவரை நடுங்கச் செய்தது.

இம்மூன்றும் ஒரே காலத்தில் வருவனவல்ல. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலே பொற்குலைக் கிருமி மேலோங்குகின்றது. ஆண்டுகள் செல்ல நீலச்சீழ்க் கிருமி புகுந்து, இளமைப் பருவத்திலோ அதன் பின்னரோ அரசிருக்கை பெறுகின்றது; ஒருமுறை வேரூன்றியபின் எத்தகைய மருந்தாலும் அதனை முற்றாக அகற்றுதல் அரிது. நோயாளி உமிழும் சளியின் ஒரு மில்லிலீற்றரில் 10 கோடிக்கு மேற்பட்ட கிருமிகள் இருத்தலும் உண்டு. வெங்காயக் கிருமி புகுவதாயின் பெரும்பாலும் அதற்கும் பிந்தியே புகுகின்றது. முன்னவர் குடியிருக்கும் மனையிற் பின்னவர் எவ்வாறு நுழைகின்றனர் என்பதே நம் வினாவின் முதற்பகுதி.

படைக்கலங்கள்

ஒரே இரையை நாடும் இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் நெடிது ஒருங்கு வாழமாட்டா என்னும் கொள்கையை உருசிய அறிஞர் கோசே 1934 இல் நுண்ணுயிர்களை வளர்த்துக் காட்டினார். ஆயின் பற்றீரியா இரையை முந்தி உண்பதனால் மட்டும் போட்டியிடுவதில்லை. அவை படைக்கலம் தாங்கியவை. நீலச்சீழ்க் கிருமியோ அவற்றுட் பெரும் படைக்கலக் கொட்டில் உடையது.

பென்சிலினைப் பிளெமிங் கண்டது 1928 இல் என்பதை நாமறிவோம். அதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு முன்னரே, 1899 இல், செர்மனியிலே எமரிக், லோ என்னும் இருவர் நீலச்சீழ்க் கிருமியின் வளர்ப்பு நீரிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். அது பிற கிருமிகளைக் கொல்லும் எனக் கண்டு, பயோசயனேஸ் எனப் பெயரிட்டு மருந்தாகவும் வழங்கினர். அதன் பயன் ஒருபோது கிட்டியும் ஒருபோது கிட்டாதும் போயினமையால் அது வழக்கொழிந்தது. எனினும் ஒரு கிருமி மற்றொன்றைக் கொல்லும் பொருளை ஆக்கவல்லது என்னும் உண்மை அன்றே தெளிவாயிற்று.

பொற்குலைக் கிருமியை எதிர்க்கும்போது நீலச்சீழ்க் கிருமி வேதியியற் போரையே பெரிதும் நடத்துகின்றது. அது சுரக்கும் ஒரு நொதியம் பொற்குலைக் கிருமியின் கலச்சுவரை அறுத்துக் கலத்தை வெடிக்கச் செய்கின்றது. அது விடும் ஐதரசன் சயனைட்டும் குயினொலீன் வகையைச் சேர்ந்த மற்றொரு பொருளும் எதிரியின் சுவாசத்தை நெரிக்கின்றன. கட்டுத்துணியை நீலமாக்கும் பயோசயனின் என்னும் சாயமும் அத்தகைய நஞ்சே. இதற்கு மேலும் ஓர் ஆதாயம் உண்டு. மனித உடல் தன் இரும்பினைப் புரதங்களுட் பூட்டிவைத்து, கிருமிகளை இரும்புப் பஞ்சத்தில் வாட்டுவது. வெடித்துச் சிதறிய பொற்குலைக் கிருமியின் உடலிலிருந்து நீலச்சீழ்க் கிருமி தனக்கு வேண்டிய இரும்பைப் பெறவல்லது. கொன்றவன் கொல்லப்பட்டவனின் களஞ்சியத்தையும் கைக்கொள்ளுகிறான்.

தன்னையொத்த மென்சுவருடைய பகைவரை எதிர்க்க வேறொரு கருவி உண்டு. 2006 இல் விளக்கமுற்ற அக்கருவி, ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதி எனப்படும். அதனை ஓர் ஈட்டியென்றே சொல்லலாம். கலத்தினுள்ளே நீண்ட குழலொன்றும் அதைச் சூழ்ந்த உறையும் அமைந்திருக்கின்றன. உறை சட்டெனச் சுருங்க, குழல் வெளியே பாய்ந்து அண்டைக் கலத்தைத் துளைத்து நஞ்சைப் புகுத்துகின்றது. தன் இனத்தவர் மாளாதபடி, ஒவ்வொரு நஞ்சுக்கும் உரிய மாற்றுப் புரதத்தையும் அக்கிருமி கூடவே ஆக்கி வைத்திருக்கின்றது. 2013 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வியப்புக்குரியது. நீலச்சீழ்க் கிருமி காரணமின்றி ஈட்டி எறிவதில்லை. அயற்கலமொன்று தன்னைத் துளைத்தால், துளைத்த அதே திசையை நோக்கித் திருப்பித் தாக்குகின்றது. ஈட்டியற்ற அயலாரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது.

உறவினருக்கு மட்டும் வைத்திருக்கும் கருவி மூன்றாவது. உயிரினங்களின் போராட்டம் நெருங்கிய உறவுடையோரிடையே கடுமையாக இருக்கும் என்பது டார்வினின் கருத்து. தங்களுக்கு வேண்டியது ஒரே இரையும் ஒரே இடமுமாதலால் தாயாதியர் பூசலே கொடிதாகின்றது. நீலச்சீழ்க் கிருமியின் ஒரு குலம் மற்றொரு குலத்தைக் கொல்லவென ஆக்கும் பொருளைப் பயோசின் எனப் பெயரிட்டு 1954 இல் விவரித்தவர் பிரான்சுவா ஜாக்கோப். பின்னர் வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர். பயோசின்களுள் ஒருவகை, பற்றீரியாவை விழுங்கும் வைரசின் வாற்பகுதியை ஒத்தது. எதிரியின் மென்சவ்வில் அது ஒரு துளையிட்டால் உயிராற்றல் வெளியே கசிந்து எதிரி மடியும். ஆயின் இக்கருவியை வெளிவிடுவதற்கு, ஆக்கிய கலம் தானே வெடித்துச் சாகவேண்டும். தன் குலம் வாழத் தான் மடியும் வீரரை ஒத்தது அது.

குலங்கள் ஒன்றையொன்று அகற்றுதல் கற்பனையன்று. 1996 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே சிறுவரைப் பராமரிக்கும் ஒரு நிலையத்தில், மருந்துகளுக்கு அடங்காத ஒரே குலத்துக் கிருமி பல நோயாளரிடம் பரவியிருத்தல் வெளிப்பட்டது. அக்குலம், ஏற்கெனவே வேறு குலத்தால் நெடுநாள் பீடிக்கப்பட்டிருந்த வளர்ந்தோரிடத்தும் புகவல்லது என்பது 2001 இல் அறிவிக்கப்பட்டது. ஒரே நோயுடையோர் ஒருவரோடொருவர் கூடியிருத்தல் ஆகாது என்னும் கண்டிப்பான ஒழுங்கு மருத்துவ நிலையங்களில் வேரூன்றியமைக்கு இத்தகைய அனுபவங்களே காரணம். ஒரே துன்பத்தை அனுபவிக்கும் இரு சிறுவர் அருகிருந்து உரையாடவும் இயலாத நிலையைக் கிருமிகளின் வலிமை விளைவித்தது.

நோயாளிக்கு வாய்த்த பயன்

இனி நம் வினாவுக்கு வருவோம். நீலச்சீழ்க் கிருமி பொற்குலைக் கிருமியை நஞ்சூட்டிக் கொல்லுகின்றது. நன்று, நோயாளிக்குப் பகை ஒன்று குறைந்ததன்றோ? அவ்வாறன்று என்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, நஞ்சு பகைவனோடு நில்லாது. சயனைட்டுக்கும் பயோசயனினுக்கும் கிருமிக்கலம், மனிதக்கலம் என்னும் வேறுபாடு இல்லை. பயோசயனின் நுரையீரற் பிசிர்களின் அசைவைத் தளர்த்தும். சீதம் முன்னிலும் தேங்கும். பொருவோர் இருவராயினும் களம் நோயாளியின் உடலே.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தன் சுவாசம் நெரிக்கப்படும்போது பொற்குலைக் கிருமி முற்றாக அழிந்துவிடுவதில்லை. சுவாசமின்றி நொதித்தலால் மட்டும் வாழக்கற்ற சில கலங்கள் எஞ்சுகின்றன. அவை மெல்ல வளர்வன. வளர்ப்புத்தட்டில் ஊசிமுனையளவான சிறு புள்ளிகளாகத் தோன்றுவன. ஆதலால் ஆய்வுகூடத்தார் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. இவற்றுக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பே அஞ்சத்தக்கது. தோபிராமைசின் முதலிய மருந்துகள் கலத்தினுட் புகுவதற்குச் சுவாசத்தால் உண்டாகும் மின்னழுத்தம் வேண்டும். சுவாசத்தைக் கைவிட்ட கலத்தினுள் அம்மருந்து புகமாட்டாது. எனவே, அம்மருந்தை ஒருபோதும் காணாத கிருமியும் அதற்கு அடங்காததாகிவிடுகின்றது. மருந்தெதிர்ப்பை அதற்குக் கற்பித்த ஆசான் மருத்துவனல்லன், அண்டையிலிருந்த பகைவனே. 2006 இல் இவ்வுண்மை நிறுவப்பட்டது. இத்தகைய குறுவளர்ச்சிக் கிருமியை உடைய சிறுவரின் நுரையீரல் மற்றையோரினதைவிட மோசமான நிலையில் இருந்தமை 2013 இல் வெளிவந்த ஆராய்ச்சியினாற் புலனாயிற்று.

மூன்றாவது காரணம் மருத்துவரின் கைக்கே பாடம் புகட்டியது. குழந்தைப் பருவத்திற் பொற்குலைக் கிருமி முதலில் வருவதாயின், அதனை முன்கூட்டியே மருந்தினால் தடுத்தால் நலமன்றோ என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணத்திற் குற்றமில்லை. அமெரிக்காவிலே குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செபலெக்சின் என்னும் மருந்தையும் மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற பொய்க்குளிகையையும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துப் பார்த்தனர். 2002 இல் முடிவு வெளியாயிற்று. மருந்துண்ட குழந்தைகளிடத்துப் பொற்குலைக் கிருமி எதிர்பார்த்தவாறே குறைந்தது. ஆயின் நீலச்சீழ்க் கிருமி அவர்களிடத்தே கூடுதலாகக் காணப்பட்டது. நோயின் போக்கிலும் தெளிவான நன்மை தோன்றவில்லை. செர்மானிய நோயாளரின் பதிவேட்டை ஆராய்ந்தவர்களும் 2001 இல் இதனையொத்த முடிவையே வெளியிட்டிருந்தனர். வாயிற்காவலன் தீயவனேயாயினும், அவனை அகற்றியபோது அவனிலும் தீயவன் நுழைந்துவிட்டான் போலும். இதனால் அமெரிக்க வழிகாட்டிகள் அத்தகைய முன்தடுப்பு மருந்தை விலக்கின. பிரித்தானியாவிலோ குழந்தைக்கு முதல் மூன்றாண்டுகளில் வேறொரு மருந்தை வழங்கும் வழக்கம் நெடுங்காலம் போற்றப்பட்டது. அறிவுடைய மருத்துவர் இரு கரையிலும் இருந்தனர். குழந்தையைக் கையிலேந்திய தாய்க்கு எக்கரை சரியெனக் கூறுவது எளிதாயிருக்கவில்லை.

படையைத் துறந்த அரசன்

நீலச்சீழ்க் கிருமி வென்று அரியணை ஏறியபின் கதை முடிந்ததென்று எண்ணுதல் தவறு. நெடுங்காலம் ஒரு நாட்டை ஆளும் அரசன் மாறுவதுபோல இக்கிருமியும் மாறுகின்றது. ஒரே நோயாளியிடமிருந்து அவர் 6 மாதக் குழந்தையாயிருந்தபோதும், 96 மாதங்கள் நிரம்பியபோதும் எடுத்த கிருமிகளின் பரம்பரை அலகுகளை முற்றாக ஒப்பிட்ட அறிஞர், இடையில் 68 விகாரங்கள் நிகழ்ந்திருத்தலை 2006 இல் வெளியிட்டனர். அவ்விகாரங்களுட் பல, படைக்கலங்களையும் நஞ்சுகளையும் கைவிடுவதற்குரியனவாய் இருந்தன.

அமைதியான அரசுக்குப் படை எதற்கு என்பதே இதன் தருக்கம். ஈட்டி செய்வதற்கும் நஞ்சு சுரப்பதற்கும் உணவும் ஆற்றலும் செலவாகும். போர் இல்லாத இடத்தில் அச்செலவைக் குறைக்கும் விகாரம் எளிதிற் பெருகும். அல்கினேற்று என்னும் கடற்பாசிக்கூழ் போன்ற பொருளைச் சுரந்து, அதனுள்ளே ஒளிந்துவாழும் வழுவழுப்பான குலமொன்று தோன்றுகின்றது. இக்குலம் பொற்குலைக் கிருமிக்கு எதிரான தன் நஞ்சுகளைக் குறைத்துக்கொள்வது 2017 இற் காட்டப்பட்டது. முன்பு பொருத பகைவர் இருவரும் இப்போது ஒரே சீதத்தில் அருகருகே வாழ்கின்றனர். நோயாளிக்கு இவ்வமைதியினாலும் பயனில்லை. இரண்டு பகைவர்க்கும் அவர் விருந்தோம்ப வேண்டியவராகிறார்.

இரும்பைப் பற்றிய கதையும் இத்தகையதே. இரும்பைக் கவர்ந்துவரும் பயோவேடின் என்னும் பொருளை இக்கிருமி கலத்துக்கு வெளியே விடுகின்றது. அதனைச் சுரந்தவனும் பயன்படுத்தலாம், சுரவாத அயலவனும் பயன்படுத்தலாம். ஊர்ப்பொதுக் கிணற்றை வெட்ட உழைத்தவனும் உழையாதவனும் ஒன்றாக நீர் அள்ளுவதை ஒத்தது அது. ஆகவே உழையாது அள்ளும் கலங்கள் பெருகத் தொடங்கும். கோப்பன்கேகன் நகரிலே பல்லாண்டுகளாகச் சேமிக்கப்பட்ட நோயாளரின் கிருமிகளை ஆராய்ந்தோர், நுரையீரலினுள்ளே இவ்வாறே நிகழ்ந்திருத்தலை 2015 இற் காட்டினர். சுரப்போர் அயலில் இருக்கும்வரை, சுரவாதோர் அப்பொருளை உள்வாங்கும் வாயிலை மட்டும் பேணிவைத்திருந்தனர். சுரப்போர் அற்றுப்போன இடங்களில் அவ்வாயிலும் இழக்கப்பட்டது. கிணறு தூர்ந்தபின் துலாவும் கயிறும் எதற்கு?

ஒரு நுரையீரல் முழுவதும் ஒரே நாடன்று என்பதையும் இவ்விடத்துச் சேர்த்து நினைத்தல் வேண்டும். மாற்றுச் சிகிச்சையின்போது அகற்றப்பட்ட நுரையீரல்களைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தோர், ஒரு குலத்திற் பிறந்த கிருமிகளே மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் வெவ்வேறாக மாறி, மருந்தை எதிர்க்கும் ஆற்றலிலும் வேறுபட்டிருத்தலை 2015 இற் கண்டனர். ஆதலின் ஒருமுறை உமிழ்ந்த சளியைச் சோதித்து மருந்தைத் தேர்வது, ஓரூரின் செய்தியைக் கேட்டு நாடு முழுவதையும் தீர்ப்பதாய் முடியக்கூடும்.

படை துறந்த அரசனுக்கு வரும் கேடு வரலாறு கற்றோர்க்குத் தெரியாததன்று. வெங்காயக் கிருமி பெரும்பாலும் பிந்தியே வருவதேன் என்னும் வினாவுக்கு 2020 இல் ஒரு விடை கிடைத்தது. இளம் நோயாளரிடமிருந்து எடுக்கப்பட்ட நீலச்சீழ்க் கிருமிகள் தம் ஈட்டியால் வெங்காயக் கிருமியை எதிர்த்து நின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின் வளர்ந்தோரிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமிகளிற் பல ஈட்டியை இழந்திருந்தன. வெங்காயக் கிருமியோ தன் ஈட்டியை இழக்கவில்லை. இரண்டையும் ஆய்வுகூடத்தில் ஒருங்கே வளர்த்தபோது, ஈட்டியிழந்த பழைய அரசன் புதியவனுக்கு இரையானான். நோயாளியின் உடலோடு இணங்கி வாழ்வதற்காக நீலச்சீழ்க் கிருமி செய்துகொண்ட மாற்றமே, அதனிலும் கொடிய பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது எனக் கருத இடமுண்டு.

இன்றைய நிலை

இந்நோயாளரின் கதை இருளாகவே முடிவதன்று. அண்டர்சன் நோயை வரையறுத்த காலத்திற் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். இன்று அமெரிக்காவில் இந்நோயுடையோருட் பாதிக்கு மேற்பட்டோர் 18 வயதைக் கடந்தவர். பழுதுற்ற வாயிற் புரதத்தையே திருத்தியியக்கும் மருந்துகள் 2012 முதல் வழங்கப்பட்டன. 2019 இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கலவையொன்று அமெரிக்காவில் அனுமதிபெற்றபின் பெரும்பாலான நோயாளருக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது. தேங்கிய வாய்க்காலில் மீண்டும் நீரோடியது. சளியிலுள்ள கிருமிகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் நெடுங்காலம் வேரூன்றிய நீலச்சீழ்க் கிருமி பலரிடத்தே முற்றாக நீங்கவில்லை. இம்மருந்துகளின் விலையோ மிகப் பெரிது. வறிய நாடுகளின் நோயாளர் பலருக்கு அவை இன்னும் எட்டாக்கனியே. தெற்காசியாவில் இந்நோய் ஐரோப்பாவிற் போலப் பரவலானதன்றெனினும் இல்லாததன்று; வேறு மார்புநோயெனக் கருதப்பட்டு அறியப்படாதே போவதும் உண்டு.

இந்நோயை ஒருபோதும் காணாதவருக்கும் இவ்வாராய்ச்சியிற் பங்குண்டு. தீப்புண்ணுற்றோர், செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டோர் ஆகியோரையும் எந்நாட்டு மருத்துவமனையிலும் தாக்கவல்லது நீலச்சீழ்க் கிருமி. புதிய மருந்து அவசரமாக வேண்டப்படும் கிருமிகளின் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 2017 இல் வெளியிட்டபோது, கடைசி அரணான மருந்துகளுக்கும் அடங்காத நீலச்சீழ்க் கிருமியை முதல் வரிசையில் வைத்தது. கிருமிகள் தம்முட் பொருதற்குச் செய்த படைக்கலத்தையே நாம் எடுத்தாளலாகாதா என்று அறிஞர் சிலர் முயல்கின்றனர். பயோசின்களைத் திருத்தியமைத்து விலங்குகளிற் பரிசோதித்துள்ளனர். குறித்த ஒரு குலத்தை மட்டும் கொன்று மற்றவற்றை விட்டுவைக்கும் கருவி அது. அயலில் யாரைக் கொல்லுகிறோம், யாருக்கு இடம் விடுகிறோம் என்பதை அறிந்தே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

தொடக்கத்திற் கூறிய பழமொழிக்கு மீள்வோம். ஊர் இரண்டுபட்டது உண்மை. கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதும் உண்மையே. ஆயின் அக்கூத்தாடி நோயாளி என்று எண்ணியதே நம் பிழை. நோயாளி அந்த ஊர். எரிவதும் இடிவதும் அவருடைய மனைகளே. கூத்தாடியாய் வாயிலிற் காத்துநிற்பது அடுத்து வரவிருக்கும் கிருமி. ஆகவே ஒரு பகையை அகற்ற முற்படுமுன், அது எழுந்த இருக்கையில் யார் அமர்வார் என்று வினவுதல் மருத்துவனுக்குக் கடமையாகின்றது. கிருமியைத் தனியே தட்டில் வளர்த்து அதன் இயல்பை அறிந்தோமென மனநிறைவு கொள்ளாது, அதன் அயலாரோடு வைத்து ஆராயும் புதிய நெறி இவ்வாறே பிறந்தது. நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே முதன்முறை நுணுக்குக்காட்டியிற் குனியும் மாணவன், தான் காண்பது ஒரு தனிக் கலமன்று, ஓர் அயல் என்பதை மனங்கொள்வானாயின், இத்துறையிற் செய்தற்குரிய பணி இன்னும் மிகுதியாக அவனுக்குக் காத்திருக்கின்றது.